காலுவை எங்கே விடலாம்?

ராஜஸ்தான் மாநிலத்தில் தார் பாலைவனம் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய ஊர். எங்கும் மணல். ஆங்காங்கே வன்னி மரங்கள்.

அந்த ஊரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு மகள். அவர்கள் ஒரு நாய் வளர்த்தார்கள். அதன் பெயர் காலு. இரவில் வீட்டுக்குக் காவல் அதுதான்.

மார்ச் மாதம் சீரக அறுவடை நடக்கும். அப்பாவும் அம்மாவும் விடியும் முன் கூலி வேலைக்குப் போவார்கள். பொழுது சாய்ந்த பிறகே திரும்புவார்கள். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகலில் காலுவை என்ன செய்வது?

போன வருடம் அவிழ்த்து விட்டார்கள். அது மற்ற நாய்களோடு சேர்ந்து ஒரு சின்காரா மானைத் துரத்தியது. மான் முள்வேலியில் சிக்கிக் காயம் பட்டது. ஊரார் கோபப்பட்டார்கள். சின்காரா அந்த மாநிலத்தின் விலங்கு. அதைச் சட்டமும் காக்கிறது.

“இந்த வருடம் பகலில் யாரிடமாவது விட்டுப் போவோம்” என்றார் அப்பா. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அம்மாவும் மகளும் இடம் பார்க்கப் போனார்கள்.

முதலில் பக்கத்து வீடு. அங்கே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நல்ல நிழல்.

“இதுவே போதும் அம்மா” என்றாள் மகள்.

“காலையில் எல்லா இடமும் நிழல்தான். மதியம் வந்து பார்ப்போம்” என்றாள் அம்மா.

மதியம் போனார்கள். தகரம் கொதித்தது. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது.

அடுத்தது ஊர்க் கோடி வீடு. நிழல் இருந்தது. தண்ணீரும் இருந்தது. ஆறு நாய்கள் இருந்தன.

“இவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா அண்ணா?” என்று அம்மா கேட்டாள்.

“கிராமத்து நாய்க்கு ஊசி எதற்கு?” என்றார் அவர். அம்மா திரும்பிவிட்டாள்.

மூன்றாவது ஒரு பாட்டியின் வீடு. முற்றத்தில் பெரிய வன்னி மரம். சுற்றிலும் சுவர். பாட்டி பகல் முழுவதும் வீட்டில் இருப்பார்.

“உன் நாய்க்கு ஊசி போட்டாயா?” என்று பாட்டி கேட்டார்.

அம்மா தலை குனிந்தாள். காலுவுக்கும் ஊசி போடவில்லை!

“ஊரார் நாயைக் கேட்டோம். நம் நாயை மறந்தோம்” என்றார் அப்பா. மறுநாளே காலுவைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்.

“ஊசி பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நல்ல வேளை, முன்னதாகவே வந்தீர்கள்” என்றார் டாக்டர். ஓர் அட்டையும் கொடுத்தார். அதிலிருந்த அடுத்த ஊசித் தேதியை அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பாட்டியின் தொட்டியில் மழைத் தண்ணீர் குறைவாக இருந்தது. அதனால் அம்மா தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வைப்பதாகச் சொன்னாள். கம்பு ரொட்டியும் தருவதாகச் சொன்னாள். முதலில் அரை நாள் விட்டுப் பார்த்தார்கள். காலு மர நிழலில் அமைதியாகப் படுத்திருந்தது. பிறகு நிம்மதியாக அறுவடைக்குப் போனார்கள்.

தெரிந்து கொள்வோம்

1. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். தார் பகுதியில் உள்ள பலோதியில் 2016 மே 19 அன்று வெயில் 51 டிகிரியைத் தொட்டது. அங்கே நிழலும் தண்ணீரும்தான் நாயின் உயிர்.

2. 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 1 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் நாளில் இன்னும் அதிகம் வேண்டும்.

3. நாய் மிகவும் இரைத்துத் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

4. வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது மிக அரிது. குட்டிக்கு மூன்று மாதத்தில் ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும்.

5. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு தடவக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. அம்மா ஏன் மதியம் போய்ப் பார்த்தாள்?
2. ஊர்க் கோடி வீட்டை ஏன் வேண்டாம் என்றாள்?
3. உங்கள் தெரு நாய்களுக்கு ஊசி போட்டாயிற்றா? யாரிடம் கேட்பீர்கள்?