செவியால் அறியும் குருவி

பறவை நோக்குவதில் பழுத்த அனுபவம் உடையவர்களையும் தயங்க வைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. இலைக் கதிர்க்குருவிகள் என்று அவற்றைச் சொல்வர். பேரினப் பெயர் பைலோஸ்கோபஸ். இலைகளைத் துருவிப் பார்ப்பது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. பொருத்தமான பெயர்தான். நாள் முழுவதும் இலையின் மேலும் கீழும் பூச்சி தேடுவதே இவற்றின் தொழில். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் மேலே பசுமை கலந்த பழுப்பு, கீழே வெளிறிய நிறம். ஒரு நொடிகூட ஓரிடத்தில் நில்லா.

இவற்றுள் நம் கல்லூரி வளாகத்துக்கு ஆண்டுதோறும் வரும் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கிரீனிஷ் வார்ப்ளர் எனப்படும் பச்சைக் கதிர்க்குருவி அது. நீளம் சுமார் 10 செ.மீ.; எடை ஏறத்தாழ 8 கிராம், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் எடை! கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர்மஞ்சள் புருவம், கண்ணை ஊடுருவும் கருங்கோடு, இறக்கையில் மெல்லிய வெண்பட்டை ஒன்று. நூல்கள் இந்தப் பட்டையை முக்கிய அடையாளமாகச் சொல்கின்றன. ஆனால் இறகு தேயத் தேயப் பட்டையும் மங்கிவிடும். பிப்ரவரி மாதத்தில் அதை நம்பிப் பயனில்லை.

வெள்ளைக்கண்ணியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அது கூட்டமாக வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு தாழ்ந்த செடிகளில் திரியும். புதரிலிருந்து ‘சக், சக்’ என்று கேட்டால் அது பழுப்பு நிற நாணல் கதிர்க்குருவி. தொல்லை தருபவை இலைக் கதிர்க்குருவியின் உடன்பிறப்புகளே. மலையடிவாரக் காடுகளில் உச்சந்தலைக் கோடும் இரு இறக்கைப் பட்டைகளும் கொண்ட இனமும், அலகு பெருத்த இனமும் இதனோடு ஒரே மரத்தில் மேயக்கூடும்.

அப்படியானால் எப்படித்தான் அறிவது? செவியால். பச்சைக் கதிர்க்குருவி இரண்டு அசைகளில் ‘ச்சி-லீ’ என்று கூர்மையாக அழைக்கும்; வாலாட்டியின் குரலைச் சற்று நினைவூட்டும். பெரிய அலகு இனத்தின் அழைப்பும் ஈரசைதான். ஆனால் அது தெளிந்த சீழ்க்கை, இரண்டாம் அசை மேலேறும். இவ்வழி புதியதன்று. இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், ஒன்றென எண்ணப்பட்ட இத்தகைய குருவிகள் உண்மையில் மூன்று இனங்கள் என்பதை 1768-இல் எழுதினார். அவருக்கு வழிகாட்டியது முதன்மையாகக் குரலே.

இக்குருவி ஏன் இவ்வளவு அழைக்கிறது என்பதையும் அறிய வேண்டும். குளிர்காலத்தில் பல வலசைப் பறவைகள் கூட்டம் சேர்கின்றன. இதுவோ தனியாக ஓர் எல்லையைப் பிடித்து, அண்டை வீட்டுக்காரனை விரட்டி, சில மரங்களைத் தனதாக்கிக்கொள்கிறது. அழைப்பு அந்த வேலியின் கம்பி போன்றது. முண்டந்துறைக் காடுகளில் 1990-களில் மது கட்டி, டிரெவர் பிரைஸ் ஆகியோர் இப்பறவைகளின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்தனர். செப்டம்பர், அக்டோபரில் வந்து ஏப்ரல் வரை தங்குவது இதன் வழக்கம். கூடு கட்டும் நாட்டில் கழிப்பது சில மாதங்களே. இதை ‘விருந்தாளி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் நம் வேப்பமரத்தில் வாழ்வதை வேறு என்னவென்று சொல்வது?

இனி, இதன் மிகப் பெரிய சிறப்பு. இப்பறவையின் பல வடிவங்கள் திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம்போலக் கூடு கட்டி வாழ்கின்றன. இமயமலையில் பாட்டு எளியது. அங்கிருந்து மேற்குப் பக்கமாக வடக்கே செல்லச் செல்லப் பாட்டு நீண்டு சிக்கலாகிறது. கிழக்குப் பக்கமாகச் சென்றாலும் அப்படியே, ஆனால் வேறு போக்கில். இரு முனைகளும் நடு சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றதற்குப் புரிவதில்லை. பதிவுசெய்த பாட்டை ஒலிக்கச் செய்தபோது, ஆண் பறவை தன் வடிவத்தின் பாட்டுக்கே சினந்து வந்தது, மற்றதைப் பொருட்படுத்தவில்லை. டேரன் இர்வின் குழுவினர் 2001-இல் இதை வெளியிட்டனர். புதிய இனம் உண்டாவதை இடத்தின் வரிசையிலேயே காணலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. வளையத்தில் முற்காலத்தில் இடைவெளிகள் இருந்தன என்றும், முனைகளுக்கிடையே சிறிதளவு மரபுக் கலப்பு நேர்ந்துள்ளது என்றும் 2014-இல் வந்த மரபணு ஆய்வு திருத்தம் சொன்னது. பாடநூல்களில் படம் மட்டும் இன்னும் குறையற்ற வட்டமாகவே இருக்கிறது!

ஆகவே குரலைக் கொண்டு பிரித்தறிவது நம் வசதிக்கான உத்தி மட்டுமன்று. அப்பறவைகளே அவ்வாறுதான் ஒன்றையொன்று அறிகின்றன.

வளாகப் பறவைப் பட்டியல் தயாரிக்கும் விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு சொல். கைபேசியில் எடுத்த மங்கலான படத்தை வைத்துக்கொண்டு இனப்பெயர் எழுதாதீர்கள். அதே கைபேசியால் குரலைப் பதிவுசெய்யுங்கள். அரை நிமிடம் போதும். குரல் கிடைக்காவிட்டால் ‘இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். மார்ச் மாதக் காலையில் வகுப்புக்குச் சற்று முன்னதாகவே வந்தால், புறப்படுமுன் இக்குருவி அழைப்பை விட்டுப் பாடத் தொடங்குவதையும் சில நாள் கேட்கலாம்.