மூன்று தோட்டாவா, நான்கு தோட்டாவா?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளை உங்களில் பலர் அறிவீர்கள். புதிய விளையாட்டு ஒன்று சந்தைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, "இப்போதே பணம் கட்டுங்கள், சிறப்புத் துப்பாக்கி இலவசம்" என்று விளம்பரம் வரத் தொடங்கும். இதைத்தான் முன்பதிவு போனஸ் என்கிறார்கள். பணம் கட்டாத நண்பன் கோபப்பட்டால், "அது கொஞ்சம்தான் வலிமை கூடுதல், பெரிய வித்தியாசம் இல்லை" என்று கட்டியவன் சமாதானம் சொல்வான்.

அந்தக் 'கொஞ்சம்' உண்மையில் எவ்வளவு? சண்டை போடாமலே கண்டுபிடிக்கலாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒருவருக்கு உயிர்ப்புள்ளி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துப்பாக்கியின் ஒரு தோட்டா 33 புள்ளியைக் குறைக்கிறது. மூன்று தோட்டா பட்டால் 99 புள்ளி போகும். இன்னும் 1 மிச்சம். அந்த ஒன்றுக்காக நான்காவது தோட்டா வேண்டும். உங்கள் நண்பனின் முன்பதிவுத் துப்பாக்கியோ 34 புள்ளியைக் குறைக்கிறது. மூன்று தோட்டாவில் 102, வேலை முடிந்தது. சேதம் கூடியது வெறும் 3 விழுக்காடு. ஆனால் தேவையான தோட்டாக்களின் எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்துவிட்டது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்று. 34 என்பதை 49 ஆக உயர்த்துங்கள். சேதம் 44 விழுக்காடு கூடிவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடலாம்! ஆனால் இரண்டு தோட்டாவுக்கு 98தான் ஆகிறது. இன்னமும் மூன்று தேவை. முழு உயிர்ப்புள்ளியோடு நிற்பவரை வீழ்த்த இந்த 44 விழுக்காட்டால் ஒரு பயனும் இல்லை.

வரைபடம் வரைந்தால் சாய்வான கோடு வராது, மாடிப்படி போலத்தான் வரும். ஒரு படியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் உயரம் மாறாது. விளிம்பைத் தாண்டிய ஒரே அடியில் மாறிவிடும். எனவே போனஸ் எத்தனை விழுக்காடு என்று கேட்பதால் பயன் குறைவு. அது படியைத் தாண்ட வைக்கிறதா என்பதே கேள்வி.

தாண்ட வைத்தால் என்ன ஆகும்? வினாடிக்கு 10 தோட்டா சுடும் துப்பாக்கி என்று கொள்வோம். முதல் தோட்டா 0 வினாடியில் பாய்ந்தால், மூன்றாவது 0.2 வினாடியிலும் நான்காவது 0.3 வினாடியிலும் பாயும். வித்தியாசம் 0.1 வினாடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே என்று தோன்றும். இங்கேதான் படிவம் மூன்றில் படிக்கும் தூண்டல், துலங்கல் பாடம் உதவிக்கு வருகிறது. திரையில் எதிரியைக் கண்டதும் அந்தத் தகவல் விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போக வேண்டும். மூளை முடிவெடுத்து, தண்டுவடம் வழியாக விரல் தசைக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். இளம் வயதினருக்கு இதற்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.25 வினாடி ஆகிறது.

நம்பாதவர்கள் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்றை எடுங்கள். நண்பர் அதை மேலிருந்து தொங்கவிட்டுப் பிடித்திருக்கட்டும். சுழியம் குறியின் அருகே உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தீர்கள் என்றால் உங்கள் துலங்கல் நேரம் சுமார் 0.2 வினாடி. (விழும் தூரம் = ½ × 9.8 × நேரம் × நேரம், மீட்டரில் போடுங்கள்.) அதிலிருந்து 0.1 வினாடியைக் குறைக்க வேண்டுமானால் அடிக்கோலை 5 சென்டிமீட்டரிலேயே பிடித்தாக வேண்டும். முயன்று பாருங்கள்! பயிற்சியால் குறி பார்ப்பது மேம்படும், வரைபடத்தின் சந்துபொந்துகள் மனப்பாடமாகும். ஆனால் நரம்பின் வேகம் அந்த அளவுக்கு ஏறாது. நண்பனின் துப்பாக்கி அவனுக்கு இலவசமாகத் தருவதை உங்கள் உடலால் ஈடுகட்ட முடியாது.

இனி உண்மையான விளையாட்டுகளுக்கு வருவோம். இங்கே நான் சொல்லும் இரண்டும் அமெரிக்க மதிப்பீட்டு வாரியம் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று குறித்தவை. உங்களை ஆடச் சொல்லவில்லை, கணக்குப் போடத்தான் சொல்கிறேன்.

வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் ஒன்பது பாத்திர வகைகள் உண்டு. ஆட்டக்காரர்கள் இவற்றை 'கிளாஸ்' என்பார்கள். ஸ்கவுட்டுக்கு உயிர்ப்புள்ளி 125தான். ஆனால் எல்லாரையும்விட வேகமாக ஓடுவான். ஹெவிக்கு 300, நடையோ ஆமை நடை. விளையாட்டின் அளவுகோலில் ஸ்கவுட்டின் வேகம் 400, ஹெவியின் வேகம் 230. உயிர்ப்புள்ளியையும் வேகத்தையும் பெருக்கினால் இருவருக்கும் ஒரே விடை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 50,000, 69,000 என்று வரும். சமநிலை அப்படி எளிதாகக் கிடைப்பதில்லை.

அது வேறு வகையில் கிடைக்கிறது. நம் ஊரில் சிறுவயதில் ஆடும் 'ஒன் தூ சோம்' நினைவிருக்கிறதா? பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். மூன்றில் எது வலிமையானது என்று கேட்டால் விடை கிடையாது. டீம் ஃபோர்ட்ரஸிலும் அப்படித்தான். தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பர் மெதுவாக நகரும் ஹெவியை வீழ்த்துவான். ஹெவி, நெருங்கி வர முயலும் பைரோவைத் துளைப்பான். பைரோ நெருப்பை வீசி, மறைந்து திரியும் ஸ்பையைக் காட்டிக்கொடுப்பான். ஸ்பை பின்னால் வந்து ஸ்னைப்பரைக் குத்துவான். திறமையான ஆட்டக்காரர் இதை மீறலாம். ஆனால் சக்கரம் பொதுவாக இப்படித்தான் சுற்றுகிறது. இந்தச் சக்கரத்தில் ஒரு கண்ணிக்கு மட்டும் யாராவது காசு கொடுத்து வலிமை ஏற்றினால், எதிரில் இருக்கும் கண்ணி அறுந்துவிடும்.

2011-இல் டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் என்ற வேறொரு விளையாட்டை ஸ்டீம் தளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு, டீம் ஃபோர்ட்ரஸில் பயன்படுத்தும் ஆயுதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மக்கினா என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி. முழுத் திறனேற்றத்தில் சுட்டால் 15 விழுக்காடு கூடுதல் சேதம். கேட்டதும் அநியாயம் என்று தோன்றுகிறதல்லவா? படிக்கட்டுக் கணக்கைப் போடுங்கள். சாதாரண ஸ்னைப்பர் துப்பாக்கி முழுத் திறனேற்றத்தில் உடலில் பட்டால் 150 புள்ளி. மக்கினாவில் 172.5. ஒன்பது வகைகளின் உயிர்ப்புள்ளிகளோ 125, 150, 175, 200, 300 என்ற ஐந்து அளவுகளில்தான் இருக்கின்றன. 125-உம் 150-உம் பழைய துப்பாக்கியிலேயே ஒரே குண்டில் விழும். 175 உள்ள பைரோவும் டெமோமேனும் புதிய துப்பாக்கிக்கும் 2.5 புள்ளியில் தப்பிவிடுவார்கள். முழு நலத்தோடு நிற்கும் எந்த வகைக்கும் முடிவு மாறவில்லை. காயம்பட்டு 160-இல் நிற்பவருக்குத்தான் மாறும்.

அதோடு, மக்கினாவின் குண்டு பாயும் தடம் ஒளிக்கோடாகத் தெரிந்து, சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தொலைநோக்கி வழியே பார்க்காமல் சுடவும் முடியாது. மற்ற ஆட்டக்காரர்களும் வேறு வழிகளில் அதே துப்பாக்கியைப் பெறலாம். முன்பதிவு செய்தவரின் துப்பாக்கியில் 'ஜெனுவின்' என்ற சொல் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பெருமைக்கு ஒரு பட்டம். எனக்கு இதில் குறை தெரியவில்லை.

அதே ஆண்டு பேட்டில்ஃபீல்ட் 3 விஷயம் வேறு மாதிரி போனது. முன்பதிவு செய்வோருக்கு டைப் 88 என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியும், ஸ்னைப்பர் துப்பாக்கியின் முனையில் எழும் சுடரை மறைக்கும் கருவியும் உண்டு என்று அறிவித்தார்கள். சுடர் தெரியாவிட்டால் எதிரிக்குத் தூண்டலே கிடைக்காது, துலங்கல் எப்படி வரும்? ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், வாங்கமாட்டோம் என்றார்கள். பின்னர் தயாரிப்பாளர்கள், இந்தப் பொருள்கள் அவ்வாண்டின் பிற்பகுதியில் எல்லாருக்கும் கிடைக்கும் என்றார்கள். பலர் அமைதியானார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. அந்த விளையாட்டில் புள்ளி சேரச் சேரப் புதிய ஆயுதங்கள் திறக்கும். முதல் நாளே சிறப்புக் கருவியோடு இறங்குபவர் முதல் வாரத்திலேயே முன்னால் போய்விடுவார். பிறகு எல்லாருக்கும் கொடுத்தாலும் அந்த இடைவெளி உடனே மூடாது.

சிறிய சாதகம் எப்படிப் பெருகுகிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. ஒரு மோதலில் நீங்கள் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு, எதிராளிக்கு 45 என்று கொள்வோம். ஒரே மோதலில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து மோதலில் மூன்றை முதலில் வெல்பவருக்கு ஆட்டம் என்றால், உங்கள் வாய்ப்பு 59 விழுக்காடாக உயரும். பத்தொன்பதில் பத்து என்றால் 67. மோதல்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்து சாதகத்தின் பங்கு வளர்கிறது.

வார இறுதிக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு விளையாட்டு இரண்டு முன்பதிவுத் துப்பாக்கிகளை அறிவிக்கிறது. முதலாவது, 25 என்ற சேதத்தை 31 ஆக்குகிறது. இரண்டாவது, 41 என்பதை 42 ஆக்குகிறது. எதிராளி 125 புள்ளி உள்ளவராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை தோட்டா மிச்சமாகும்? 175 புள்ளி உள்ளவராக இருந்தால்? நான்கு விடைகளையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். பிறகு, எந்தத் துப்பாக்கியைப் பார்த்து எந்த வகை ஆட்டக்காரர் புகார் செய்வார் என்று பக்கத்தில் குறியுங்கள்.