அப்பாச்சி கற்பிக்கும் பாடம்

2019 செப்டம்பர் 3 அன்று பதான்கோட் தளத்தில் எட்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் நம் விமானப்படையில் சேர்ந்தன. அமெரிக்காவின் போயிங் நிறுவனத்திடமிருந்து வாங்க 2015-இல் ஒப்பந்தம் செய்த 22-இல் இவை முதல் தொகுதி. விசிறிக்கு மேல் உருண்டையாக இருப்பது ரேடார். ஹெலிகாப்டர் குன்றின் மறைவில் நின்றபடியே எதிரி டாங்கிகளைக் கண்டுகொள்ள அது உதவுகிறது.

ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் நான். இயந்திரத்தை ஒருமுறைதான் வாங்குகிறோம். உதிரி பாகங்களை அதன் ஆயுள் முழுதும் வாங்க வேண்டும். 1962-இல் அமெரிக்காவிலிருந்து ஆல்கோ எஞ்சின்கள் வந்தன. 1964-இல் வாரணாசியில் நாமே அவற்றைக் கட்டினோம்.

ஆகாயத்திலும் அது தொடங்கிவிட்டது. அப்பாச்சியின் உடற்கூடு ஹைதராபாத்தில் தயாராகிறது. எச்.ஏ.எல். வடிவமைத்த 'பிரசண்ட்' தாக்குதல் ஹெலிகாப்டர் 2022-இல் ஜோத்பூரில் படையில் சேர்ந்தது. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் பெருமைப்படுவதோடு நில்லாமல், ஒரு பாகத்தையாவது செய்யக் கற்க வேண்டும்.