ஏரி வண்டல் ஏற்றும் டிராக்டர் எவ்வளவு பாரம் இழுக்கும்?

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு அரிசியாலும் பெயர் உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுத்து நிலத்தில் அடிப்பது இப்பகுதி விவசாயிகளின் பழைய வழக்கம். விவசாயத்துக்கு ஏரி வண்டலை அரசு கட்டணமின்றி எடுக்க அனுமதிக்கிறது. 2024இல் இந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெற வழி செய்யப்பட்டது. முன்பு மாட்டு வண்டி இறங்கிய ஏரிக்குள் இன்று டிராக்டரும் டிரெய்லரும் இறங்குகின்றன. தார்ச் சாலையில் இழுத்த பாரத்தை ஏரிக்குள்ளும் இழுக்கலாம் என்று எண்ணுவதுதான் ஆபத்து.

பாரம் எவ்வளவு?

நூறு கன அடி கொண்டது ஒரு யூனிட். ஒரு யூனிட் நெல் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். அதே அளவு ஈர வண்டல் சுமார் நாலரை டன். நீர் மிகுந்தால் ஐந்து டன்னையும் எட்டும். ஆகவே பெட்டி நிறைந்ததா என்று பார்த்துப் பயனில்லை. எடையைப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று கொண்டால், ஒரு யூனிட் வண்டலுடன் மொத்தம் ஆறு டன் ஆகிறது.

இழுக்க எவ்வளவு விசை?

சமமான தார்ச் சாலையில் ஒரு டன்னை உருட்ட 25 முதல் 30 கிலோ விசை போதும். கெட்டியான மண் பாதையில் சுமார் 50 கிலோ வேண்டும். சக்கரம் புதையும் ஏரி மண்ணில் 150 கிலோவுக்குக் குறையாது. இதற்கு மேல், பத்தடிக்கு ஓரடி ஏற்றமானால் டன்னுக்கு இன்னும் 100 கிலோ சேரும்.

ஆறு டன் டிரெய்லரை இளகிய மண்ணில் அந்த ஏற்றத்தில் இழுக்க 900ம் 600ம் சேர்ந்து 1,500 கிலோ விசை தேவை. இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் தானும் ஏற 200 கிலோ. ஆக மொத்தம் 1,700 கிலோ.

35 குதிரைத் திறன் எஞ்சின் முதல் கியரில் இந்த விசையைத் தந்துவிடும். ஆனால் அதைத் தரையில் ஊன்றித் தரவேண்டியது பின்சக்கரம். இரண்டு டன் டிராக்டரில் பின்சக்கரங்கள் மேல் விழும் எடை சுமார் 1,300 கிலோ. காய்ந்த கெட்டித் தரையில் இதனால் கிடைக்கும் பிடிப்பு 800 கிலோ அளவுதான். ஈர வண்டலில் 500 கிலோகூடக் கிடைக்காமல் போகலாம். எனவே எல்லையை வகுப்பது எஞ்சின் அல்ல, தரைப் பிடிப்பே.

பாதி பாரம், நல்ல பாதை

அரை யூனிட் மட்டும் ஏற்றினாலும் மேற்சொன்ன பாதையில் 1,100 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். ஆகவே பாரத்தைக் குறைப்பதோடு பாதையையும் சீர் செய்ய வேண்டும். இருபதடிக்கு ஓரடி ஏற்றமாகச் சரிவை நீட்டி, சரளை கொட்டிக் கெட்டிப்படுத்தினால் அரை யூனிட்டுக்கு 500 கிலோவுக்குள் விசை போதும். ஒரு நாள் பாதை வேலை, பல நாள் டீசலையும் டயரையும் மிச்சப்படுத்தும். ஏரிக் கரையை வெட்டிப் பாதை அமைக்கக் கூடாது. உள்ள இறங்கு பாதையையே பயன்படுத்த வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். இரு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். பின்பாரம் கொக்கியைத் தூக்கி டிராக்டரின் பிடிப்பைக் குறைக்கும். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பும். அச்சுக்கு நேராக, சிறிது முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவதே சரி.

உயிருக்கு ஆபத்தான தவறுகள்

டிராக்டரின் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே பாரத்தை மாட்ட வேண்டும். டாப் லிங்க் போன்ற உயரமான இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவரை நசுக்கும். இது ஓரிரு நொடிகளில் நடந்துவிடும். குதித்துத் தப்ப நேரமிராது. ஸ்டீயரிங் திடீரென லேசானால் முன்சக்கரம் எழும்புகிறது என்று பொருள். அக்கணமே கிளட்சை மிதித்து, முன்சக்கரம் தரையில் அமர்ந்ததும் பிரேக் பிடிக்க வேண்டும்.

சக்கரம் புதைந்தால் எஞ்சினை முறுக்கக் கூடாது, மேலும் புதையும். பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்ற முயல்வதும் டிராக்டரைப் பின்னால் புரட்டிவிடும். பாரத்தை இறக்கி, சக்கரத்தைச் சுற்றிய மண்ணைத் தோண்டி எடுத்து, வந்த வழியே வெளியேறுவதே நல்லது. வேறு டிராக்டர் கொண்டு இழுத்தால், சங்கிலி அறுந்து அடிக்கும் தூரத்தில் யாரும் நிற்கலாகாது.

கரையிலிருந்து இறங்கும்போது, பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். இறங்குமுன்பே சிறிய கியரில் போட்டுக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் விடுவதோ கிளட்சை மிதிப்பதோ கூடாது. வயலில் தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியிட்டு இணைத்துக்கொள்ள வேண்டும்.

சாலைக்கு வந்த பிறகு

பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையில் டிரெய்லரின் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே சட்டப்படி ஏற்றக்கூடிய பாரம். மீறினால் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட நேரும். பாரத்தின் மீதும், மட்கார்டிலும் ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

ஒரு நடை கூடுதலாகப் போனால் செலவாவது சிறிது டீசல்தான். பாரத்தைப் பாதியாக்கி இரு நடையாக ஓட்டுவதே விவசாயிக்கு லாபம்.