காலைப் பார்க்கத் தெரிந்தவருக்கே டிமாண்ட்

கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா, லுபோக் சீனா வட்டாரத்தில் நர்ஸாக இருக்கிறீர்களா? தனியார் கிளினிக்கிலோ டயாலிசிஸ் சென்டரிலோ வேலையா? இல்லை, டிப்ளோமாவை முடித்துவிட்டு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? உங்களோடு வரிசையில் நிற்பவர்களிடமும் அதே டிப்ளோமாதான் இருக்கிறது. சீனியாரிட்டியிலும் உங்களை முந்தியவர்கள் இருப்பார்கள். கூட்டம் குறைவான ஒரு ஸ்கில் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தங்கள் கால்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட் எவ்வளவு பெரியது என்று கேட்பீர்கள். 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு ஆயுளில் ஒரு முறையாவது காலில் புண் வரும் என்பது உலகளாவிய மதிப்பீடு. நம் ஊரில் ‘காலைப் பொத்தோங் பண்ணிட்டாங்க’ என்று சொல்கிறோமே, அப்படிக் காலை எடுக்க நேர்ந்தவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோருக்குக் கதை ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது. அந்தப் புண் வராமல் தடுக்கத் தெரிந்த ஊழியரை எந்த மேனேஜரும் எளிதில் விடமாட்டார். தோட்டத்துப் பாட்டிக்குத் தமிழில் விளக்கத் தெரிந்திருந்தால் உங்கள் பாடு இன்னும் சுலபம்.

1. லெக்சரை நிறுத்துங்கள். போஸ்டர் ஒட்டி, பவர்பாயிண்ட் போட்டு, கடைசியில் குரூப் போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. இது குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, 2014ல் கறாராகவே சொன்னது: கல்வி கொடுத்தால் நோயாளியின் அறிவும் பழக்கமும் கொஞ்ச காலத்துக்குத் தேறுகின்றன, கல்வி மட்டுமே புண்ணையும் கால் இழப்பையும் குறைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் போதவில்லை. சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் குழு 2005ல் வெளியிட்ட ஆய்வில், கால் பராமரிப்பு அறிவுரையை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பேச்சோடு பரிசோதனை, செருப்பு, ஃபாலோ-அப் மூன்றும் வர வேண்டும். வெறும் பேச்சாளராக இருந்தால் உங்களை மாற்றுவது சுலபம்.

2. முதலில் சாக்ஸைக் கழற்ற வையுங்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ‘கால்ல ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்ல மிஸ்ஸி’ என்றுதான் பதில் வரும். மரத்துப்போன காலில் ஆணி ஏறினாலும் வலிக்காது. வலிக்காததால் அவர் பொய் சொல்லவும் இல்லை. கேட்பதை விட்டுவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு தடை கூச்சம். பேத்தி வயதுப் பெண் தன் காலைத் தொடுவதா என்று தாத்தா காலை இழுத்துக்கொள்வார். ‘ஐயோ, வேணாம்மா, அழுக்குக் கால்.’ இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கட்டும்: ‘ஆசீர்வாதம் வாங்கிக்கிறேன் தாத்தா, காலைக் காட்டுங்க.’ சிரித்துவிடுவார், கால் நீளும். பாட்டிமார் என்றால் மருமகளையோ பேரனையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டில் தினமும் பாதத்தை யார் பார்க்கப் போகிறாரோ, அவர்தான் உங்கள் உண்மையான மாணவர்.

3. இரண்டு டெஸ்ட்களைக் கைவசமாக்குங்கள். முதலாவதற்குக் கருவியே வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாகி 2011ல் வெளிவந்த தொடு சோதனை அது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி இலேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது. இதை வீட்டிலிருக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

இரண்டாவது, 10 கிராம் மோனோஃபிலமென்ட். முதலில் கையில் குத்திக் காட்டி, எப்படி இருக்கும் என்று புரிய வையுங்கள். பிறகு பாதத்தில் நேராக வைத்து, இழை வளையும்வரை அழுத்தி எடுங்கள். தடித்த தோல் மேல் வைக்காதீர்கள். ‘இப்ப தெரியுதா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் மரியாதைக்காகவே ‘தெரியுது’ என்பார்கள். நடுவே தொடாமலும் ஒரு முறை கேளுங்கள். இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: ஒரே இழையைப் பத்துப் பேருக்குப் பயன்படுத்திவிட்டால் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது தளர்ந்து, பத்து கிராமுக்குக் குறைவாக அழுத்தும். இன்டர்வியூவில் இதைச் சொன்னால் எதிரில் இருக்கும் சிஸ்டர் நிமிர்ந்து உட்காருவார்.

4. ஒரு விசிட்டுக்கு இரண்டே விஷயம். கழுவு, துடை, க்ரீம் தடவு, நகம் வெட்டு, செருப்பைப் பார் என்று பத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. இன்று விரலிடுக்கைத் துடைப்பதும், கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும் போதும். சொல்லி முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். ‘எங்க, செஞ்சு காட்டுங்க பாட்டி’ என்று துண்டைக் கையில் கொடுங்கள். அவர் விரலுக்கு மேலாகத் துடைத்தால் நீங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். அடுத்த விசிட்டில் அதையே மறுபடியும் செய்யச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: க்ரீம் பாதத்துக்கு மட்டும், விரலிடுக்குக்கு வேண்டாம்.

5. உங்கள் ஊரின் அபாயங்களுக்கு லிஸ்ட் போடுங்கள். புத்தகத்தில் பனிக்கால பூட்ஸ் பற்றி எழுதியிருப்பார்கள். இங்கே வேறு. செம்பனைத் தோட்டத்தில் மட்டையின் முள், ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்க ஊறும் வியர்வை, கடலோரத்தில் கிளிஞ்சல், வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தரை, பாசார் மாலாமில் வாங்கிய மெல்லிய செலிப்பர். பூட்ஸ் போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். அதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

கைவைத்தியத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். நீங்கள் சிரித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். கால் மரத்தால் கோடாலித் தைலம், வெந்நீர் ஒத்தடம்; புண் வந்தால் மஞ்சள்; ஆணிக்கால் என்றால் பிளேடு, இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஆசிட் பிளாஸ்டர். இதில் வெந்நீரும் பிளேடும் ஆசிட் பிளாஸ்டரும் உடனே நிற்க வேண்டியவை. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. தோல் உரிந்து வரும்போதுதான் தெரியவரும். கால் கழுவும் தண்ணீரின் சூட்டையும் முதலில் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள்.

கோயில் விஷயத்தில் நிதானம் தேவை. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கோ, தைப்பூசத்துக்குக் கோயிலுக்கோ வெறுங்காலில் நடப்பவரிடம் ‘போகாதீங்க’ என்று சொன்னால் உங்களைத்தான் ஒதுக்குவார். கால் மரத்துவிட்டது என்று டெஸ்ட்டில் காட்டிவிட்டு, வேண்டுதலை வேறு விதமாகச் செலுத்த முடியுமா என்று அவர் வாயாலேயே வரவழையுங்கள். நடந்தே தீருவேன் என்பவரிடம் தடித்த சாக்ஸ், அதிகாலை நேரம், அன்றிரவே பாதப் பரிசோதனை என்று பேரம் பேசுங்கள். ‘பயமுறுத்தினால் திருந்துவார்கள்’ என்று சொல்லும் சீனியர்களை நான் நம்புவதில்லை. பயந்தவர் கிளினிக்குக்கே வரமாட்டார்.

6. செருப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிந்திருக்க வேண்டும். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளைக் கவனித்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும், கவனிக்காமல் விட்ட காயமுமே பாதத்தை அழிக்கின்றன. அங்கிருந்து பிரபலமான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு, பிற்பாடு நீரிழிவுக் கால்களுக்கும் வந்தது. உங்கள் நோயாளிக்கு வேண்டிய சுருக்கம்: பின்வார் இருக்க வேண்டும், முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும், கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வாங்க வேண்டும், வீட்டுக்குள்ளும் போட வேண்டும்.

7. உங்கள் எல்லையைத் தாண்டாதீர்கள். ஆணிக்காலைச் சீவுவது, புண்ணைக் கிளறுவது எல்லாம் பயிற்சி பெற்றவர் வேலை. கொப்புளம், நிறம் மாறிய விரல், துர்நாற்றம், காய்ச்சலோடு வரும் புண் எதுவானாலும் அன்றே டாக்டரிடம். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, வலி பெரிதாக இல்லை என்றாலும் அன்றே. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சரியான நேரத்தில் ரெஃபர் செய்பவர் என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால், அலோர் காஜாவில் இருக்கும் டாக்டரும் உங்கள் போனை எடுப்பார்.

8. இப்போது உங்கள் கணக்கு. சுகாதார அமைச்சு 2018ல் வெளியிட்ட நீரிழிவுப் பாத வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பைப் படியுங்கள். உங்களுக்கு எப்படியும் சிபிடி புள்ளி தேவை. அதைக் கால் பராமரிப்புப் பட்டறைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயபெட்டிஸ் போஸ்ட் பேசிக் வாய்ப்பு வந்தால் தயங்காதீர்கள். பார்த்த கால்களின் எண்ணிக்கை, உணர்வு குறைந்தவர்கள், ரெஃபர் செய்தவர்கள் என்று பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ‘டயபெட்டிஸ் அனுபவம் உண்டு’ என்று எல்லோரும் சொல்லும் அறையில் நீங்கள் எண்ணைச் சொல்வீர்கள். புண்ணை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுபவருக்கு எதிர்காலம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

டயாலிசிஸ் சென்டரில் இருப்பவர்களுக்குத் தனி அட்வான்டேஜ். சிறுநீரகம் செயலிழந்து, காலில் உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்தவர்களைச் சர்வதேச வழிகாட்டி உச்ச அபாயப் பிரிவில் வைக்கிறது. ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும். அவர்களோ வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி நேரம் உங்கள் எதிரிலேயே படுத்திருக்கிறார்கள். போர்வையை விலக்கிப் பார்க்க யாருடைய அப்பாயின்ட்மென்டும் வேண்டாம்.

கிளினிக்கில் இருப்பவர்கள் டாக்டரிடம் வாரத்தில் ஒரு காலை வேளையைக் கேளுங்கள். மூன்று மாத டிரையல் என்று சொன்னால் மறுப்பது கடினம். சரி என்றதும் ஒரு முக்காலி, நல்ல விளக்கு, கைக்கண்ணாடி, துண்டு ஆகியவற்றை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். காலை நீட்ட இடம் இல்லாத அறையில் யாரும் சாக்ஸைக் கழற்ற மாட்டார்கள்.