மண்ணை இழுக்க எத்தனை எச்.பி. வேண்டும்?

கேள்வி: தென்னந்தோப்பில் மேடு பள்ளங்களைச் சமப்படுத்தவும் வண்டிப்பாதை போடவும் மினி டிராக்டர் வாங்க ஆசை. எத்தனை எச்.பி. போதும்?

பதில்: எச்.பி. பாதிக் கதைதான். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கு எஞ்சினின் சக்தி, பி.டி.ஓ. என்ற சுழலும் தண்டு வழியே போகிறது. லெவலர் பிளேடை இழுப்பதோ சக்கரத்தின் பிடிமானம். எடை குறைந்த வண்டியில் எஞ்சின் முறுக்கினாலும் டயர் வழுக்கும். அதனால் ஃபோர் வீல் டிரைவ் அவசியம். மஹிந்திராவின் ஜிவோ 245 (24 எச்.பி.), குபோட்டாவின் நியோஸ்டார் பி2741 (27 எச்.பி.) இரண்டிலும் அது உண்டு. டயரில் தண்ணீர் நிரப்பினாலோ இரும்பு எடை மாட்டினாலோ பிடிமானம் கூடும்.

பிளேடின் அகலம் பின்சக்கரத் தடத்தை மூடினால் போதும். அதைவிட அகலமானது சின்ன வண்டியைத் திணறடிக்கும்.

ஹைட்ராலிக்கில், பிளேடை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். உழவுக்கு உதவும் டிராஃப்ட் கண்ட்ரோல், மண் இறுகிய இடத்தில் பிளேடைத் தானே தூக்கிவிடும். தரை அலை அலையாகிவிடும்.

நெல்வயலுக்கு லேசர் லெவலர் ஓட்ட வேண்டுமென்றால் பொதுவாக 50 எச்.பி. வண்டி தேவை. பெரிய மேட்டை உடைக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசரை வாடகைக்கு எடுப்பதே லாபம்.