சுற்றுலா பாஸ்: வாங்குமுன் ஒரு வியாபாரக் கணக்கு

வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கும் கொள்வனவுக்கும் செல்லும் நமது வர்த்தகர்கள், விமான டிக்கட்டுக்கு நான்கு இடங்களில் விலை கேட்பார்கள். ஹோட்டலுக்கு இரண்டு நாள் பேரம் பேசுவார்கள். ஆனால், நகரைச் சுற்றிப் பார்ப்பதற்கென விற்கப்படும் பாஸை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி விடுகிறார்கள். "ஐம்பது இடங்களுக்கு ஒரே டிக்கட்" என்று எழுதியிருந்தால் அது இலாபமாகத்தான் இருக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வாரம் இந்தப் பாஸைப் பற்றிப் பார்ப்போம். வாங்குபவர் என்ற வகையில் மட்டுமன்றி, விற்பவர் என்ற வகையிலும் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய விடயம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் புறக்கோட்டையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்பவர். 2024 ஒக்டோபரில் பாரிஸில் நடந்த சியால் உணவுக் கண்காட்சிக்கு, கறுவா, மிளகு மாதிரிகளுடன் சென்றார். சகோதரியின் மகனையும் உதவிக்கு அழைத்துச் சென்றார். சனிக்கிழமை 19ஆம் திகதி தொடங்கி புதன் 23ஆம் திகதி வரை கண்காட்சி. வியாழன் முழு நாளும் ஓய்வு, வெள்ளி இரவு விமானம். புறப்படு முன்னரே ஒரு முகவர் நிறுவனத்திடம், நான்கு நாள் நூதனசாலை பாஸ், ஒரு நாள் பஸ், ஒரு படகுச் சவாரி எல்லாம் சேர்ந்த ஒரு பொதியை ஆளுக்கு 140 யூரோவுக்கு வாங்கி விட்டார்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, சும்மா நடந்து போனவர்கள் வெற்றி வளைவைக் கண்டார்கள். இரவு பத்து மணி கடந்தும் அது திறந்திருக்கும். "பாஸ்தான் இருக்கிறதே" என்று காட்டி மேலே ஏறினார்கள். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கியது. பாரிஸ் நூதனசாலை பாஸ் 48, 96, 144 மணித்தியாலங்கள் என்ற கணக்கில் விற்கப்படுவது. முதலாவது இடத்தில் காட்டிய நேரத்திலிருந்து இடைவிடாமல் எண்ணப்படும். நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது. ஆக, வியாழன் இரவு எட்டு மணியுடன் ஹாஜியாரின் பாஸ் முடிந்து விடும். அதற்குள் மூன்று நாட்கள் முழுமையாகக் கண்காட்சி மண்டபத்தில்.

திங்கள் போய்விட்டது. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "காசு கொடுத்தது வீணாப் போகுதே" என்று, மருமகனைக் கடையில் விட்டுவிட்டு, வில்பான்ட் மண்டபத்திலிருந்து புகையிரதத்தில் ஏறி லூவர் நூதனசாலைக்கு விரைந்தார். வாசல் பூட்டியிருந்தது. லூவர் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படும்.

நட்டம் அதுவல்ல. அவர் இல்லாத அந்த இரண்டு மணித்தியாலத்தில், பெல்ஜியத்தில் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் வந்து கறுவாவைக் கையில் எடுத்து, மணந்து பார்த்து, விலையும் தரமும் கேட்டிருக்கிறார். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்ததன் பின்னர் இப்படித் தேடி வருபவர்கள் உண்டு. மருமகனுக்கு விலை குறைத்துப் பேசும் அதிகாரம் இல்லை. "மாமா வருவார்" என்று மட்டும் சொன்னான். வந்தவர் தனது அட்டையை வைத்துவிட்டுப் போனார். கொழும்பு திரும்பியதும் ஹாஜியார் மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரவில்லை.

புதன் மாலை சாமான் கட்டுவதிலேயே போனது. வியாழன் காலை மீண்டும் லூவர் செல்ல முனைந்தபோது இன்னொரு விடயம் தெரிய வந்தது. பாஸ் இருந்தாலும் லூவருக்கு நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அது பிரான்சின் பாடசாலை விடுமுறைக் காலம், அன்றைய நேரங்கள் எல்லாம் முடிந்து விட்டன. கடைசியில் ஓர்சே நூதனசாலையைப் பார்த்தார்கள், இரவு படகில் ஏறினார்கள். பஸ்ஸில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் கையில் இருந்தது, ஆனால் பாஸ் செத்து விட்டது. பார்த்த இரண்டு இடங்களுக்கும் தனித்தனி டிக்கட் வாங்கியிருந்தால் ஆளுக்கு 40 யூரோவைத் தாண்டியிராது.

"தம்பி, எனக்கு எங்க பிழைச்சது?" என்று ஹாஜியார் என்னிடம் கேட்டார். எங்கே பிழைத்தது என்றால், கடைக்குச் சாமான் போடும்போது அவர் ஒருபோதும் விடாத கணக்கை இங்கே விட்டதில்தான். ஒரு சாமான் மலிவு என்பதற்காக அவர் நூறு மூட்டை வாங்குவதில்லை. எத்தனை மூட்டை விற்கும், எத்தனை நாளில் விற்கும் என்று முதலில் பார்ப்பார். பாஸும் அப்படித்தான். அதில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தேவையற்ற செய்தி. அவற்றில் எத்தனை இடங்களுக்கு உங்களால் போக முடியும் என்பதே கணக்கு.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, பாஸ் என்று ஒன்று இல்லாவிட்டாலும் காசு கொடுத்துப் பார்த்திருப்பேன் என்று நீங்கள் சொல்லக்கூடிய இடங்களை மட்டும் எழுதுங்கள். அவற்றின் தனி விலையைப் பக்கத்தில் போடுங்கள். லூவரின் கட்டணம் 2024 ஜனவரியில் 17 யூரோவிலிருந்து 22 யூரோவாக உயர்ந்தது. 2026 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு, 32 யூரோவாக்கப்பட்டது. ஓர்சே 16 யூரோ. இரண்டும் 48. இன்னொரு இடம் 20 யூரோ என்று வைத்தாலும் 68. இரண்டு நாள் பாஸ் 90 யூரோ என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். (விலை அடிக்கடி மாறுவதால் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.) முதலை எடுப்பதற்கே நான்கைந்து இடங்கள் பார்த்தாக வேண்டும். லூவர் ஒன்றே அரை நாளை விழுங்கி விடும். கால் வலிக்க ஓடக்கூடிய இளைஞனுக்கு இது சரிவரும். ஐம்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை நோயுள்ள முதலாளிக்கு நாளொன்றுக்கு இரண்டு இடங்களே அதிகம்.

இலவசமாகக் கிடைப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாரிஸ் மாநகரசபைக்குச் சொந்தமான கர்னவாலே, பெடிட் பலே போன்ற நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிகள் எவருக்கும் இலவசம். 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர டாம் தேவாலயத்துக்குள் செல்வதற்கும் கட்டணமில்லை. எல்லாவற்றிலும் பெரிது, லூவர், ஓர்சே, வெர்சாய் மாளிகை ஆகியவற்றில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள், எந்த நாட்டவரானாலும், இலவசமாகவே செல்லலாம். பிள்ளைகளுடன் செல்லும் குடும்பத்துக்கு, படகையும் பஸ்ஸையும் சேர்த்து "சிறுவர் பொதி" ஒன்றை விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அதில் நீங்கள் வாங்குவது படகும் பஸ்ஸும் மட்டுமே.

அடுத்ததாக, எது உள்ளே இல்லை என்று பாருங்கள். பாரிஸ் என்றதும் மனதில் வரும் ஈபிள் கோபுரம் இந்தப் பாஸில் இல்லை. நகரப் போக்குவரத்தும் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறைதான் செல்லலாம். அதே வேளை, நம்மவர் பலர் கவனிக்காத சில இடங்கள் உள்ளே இருக்கின்றன. லூவரில் 2012இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலைப் பிரிவு அதே நுழைவில் அடங்கும். 1987இல் திறக்கப்பட்ட அரபுலக நிறுவனத்தின் நூதனசாலையும் பாஸில் உண்டு. ஐந்தாம் வட்டாரத்திலுள்ள பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆவை முடித்துக்கொண்டு அங்கு நடந்தே போகலாம்.

கிழமை நாட்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லூவருக்குச் செவ்வாய், ஓர்சேக்கும் வெர்சாய்க்கும் திங்கள் விடுமுறை. வியாழன் இரவு ஓர்சே 9.45 வரை திறந்திருக்கும். வெள்ளி இரவு லூவரும் பிந்தியே மூடும். பகலில் கண்காட்சி மண்டபத்தில் நிற்பவருக்கு இந்த இரண்டு இரவுகளுமே பொருத்தமானவை. அதற்குப் பாஸ் தேவையில்லை, இரண்டு தனி டிக்கட் போதும்.

வேறு நகரங்களில் கணக்கு வேறு. லண்டனில் பிரிட்டிஷ் நூதனசாலை, தேசிய ஓவியக்கூடம், விஞ்ஞான நூதனசாலை போன்ற பெரும் அரச நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. அங்கு பாஸ் என்பது லண்டன் கோபுரம் போன்ற கட்டண இடங்களுக்காக மட்டும். துணி எடுக்க இஸ்தான்புல் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஆயா சோபியா 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது, 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடியைப் பார்க்க 25 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. கலாசார அமைச்சின் நூதனசாலை பாஸ் அங்கு செல்லாது. மாநகரசபையின் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கும் செல்லாது. நீலப் பள்ளிவாசல் எப்போதும்போல் இலவசம். நமது நாட்டிலும் கலாசார முக்கோணத்துக்கென வெளிநாட்டவருக்கு ஒரே டிக்கட் முன்னர் விற்கப்பட்டது நினைவிருக்கலாம். அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா அதில் அடங்கின. தம்புள்ளைக் குகை விகாரை அடங்கவில்லை. வழியில் தம்புள்ளையில் இறங்கிய வெள்ளைக்காரர்கள் டிக்கட்டைக் காட்டி முகம் சுளித்ததை வழிகாட்டிகள் பலர் கண்டிருப்பார்கள். பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது.

இனி விற்பவர் பக்கம் வருவோம். எனக்கு இதுதான் சுவையான பகுதி.

தனியார் கொம்பனிகள் விற்கும் பாஸ்களில், கொம்பனி ஒவ்வொரு காட்சியிடத்துடனும் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. பயணி வாசலில் பாஸைக் காட்டினால்தான் அந்த இடத்துக்குக் காசு போகும். காட்டாவிட்டால் இல்லை. பாஸை 100க்கு விற்று, ஹோட்டலுக்கோ இணையத்தளத்துக்கோ 15 தரகு கொடுத்து, ஒரு நுழைவுக்கு 12 வீதம் கொடுக்க வேண்டும் என்று வைப்போம். வாங்கியவர் மூன்று இடம் பார்த்தால் கொம்பனிக்கு 49 மிச்சம். ஆறு இடம் பார்த்தால் 13. எட்டு இடம் பார்த்தால் 11 நட்டம். எட்டு இடம் பார்ப்பவர்கள் சிலரே, மூன்று இடத்துடன் களைப்பவர்கள் பலர் என்பதில்தான் வியாபாரம் நிற்கிறது. ஹாஜியார் பார்க்காத லூவர், ஏறாத பஸ், இவையெல்லாம் எவரோ ஒருவரின் இலாபம்.

எல்லாக் கொம்பனியும் ஒரே மாதிரியல்ல. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய சிட்டிபாஸ் குறைந்த எண்ணிக்கையான இடங்களைத் தெரிந்து, ஒன்பது நாள் போன்ற நீண்ட அவகாசம் கொடுத்து, விலைக்கழிவைத் தெளிவாகக் காட்டி விற்கிறது. கோ சிட்டி என்ற பெயரில் 2021இலிருந்து இயங்கும் கொம்பனி, நாள் கணக்கில் எத்தனை இடமும் பார்க்கலாம் என்ற வகையையும், இத்தனை இடம் என்று எண்ணி வாங்கும் வகையையும் விற்கிறது. வேலையாகச் செல்லும் வர்த்தகருக்கு நாள் கணக்கு ஒத்துவராது, எண்ணிக்கைக் கணக்கே ஒத்துவரும். இது எனது அபிப்பிராயம். நேரம் உங்கள் கையில் இல்லாதபோது நேரத்தை விலைக்கு வாங்குவது சரியல்ல.

இதைப் பார்த்து நாமும் கூட்டு டிக்கட் போடலாமா என்று கண்டியில் வேன் ஓட்டும் சகோதரர் ஒருவர் கேட்டார். போடலாம், ஆனால் எல்லா வியாபாரத்துக்கும் அல்ல. நூதனசாலைக்கு இன்னொரு ஆள் கூடுதலாக வந்தால் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. காலியாக ஓடும் படகில் இன்னொருவர் ஏறினாலும் அப்படித்தான். ஆகவே அவர்களுக்குப் பாதி விலை கிடைத்தாலும் இலாபம். அரிசிக் கடையில் இன்னொரு கிலோ கொடுத்தால் அந்தக் கிலோவுக்குரிய முதல் போய்விடும். வேனில் காலி ஆசனம், ஹோட்டலில் காலி அறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஆளில்லாத சாப்பாட்டுக் கடை, கணினி வகுப்பில் காலிக் கதிரை, இப்படியானவற்றைச் சேர்த்தே கூட்டு டிக்கட் போட முடியும். அப்போதும், பாவிக்காமல் விடுபவரை நம்பி விலை போடுவதானால், முடிவுத் திகதியையும் விலக்குகளையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பாரிஸில் ஏமாந்த வெளியூர்க்காரன் திரும்பி வரமாட்டான், அந்தக் கொம்பனிக்குக் கவலையில்லை. கண்டியில் ஏமாந்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் பக்கத்தில் நிற்பான்.

சியால் கண்காட்சி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. அடுத்த முறைக்கு ஹாஜியார் ஆயத்தமாகிறார். வெள்ளி இரவு லூவருக்கு ஒரு தனி டிக்கட், நேரம் பதிவு செய்து, அவ்வளவுதான் என்கிறார். மருமகன் கண்காட்சிக்குப் பின்னர் மூன்று நாள் தங்கி ஊர் சுற்றப் போகிறானாம், அவனுக்கு 48 மணித்தியாலப் பாஸ் எடுக்கலாமா என்று கேட்டார். அவன் போக நினைக்கும் இடங்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். விலை குறைத்துப் பேசும் அதிகாரத்தையும் இம்முறை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்.